பால் சுறா வாங்கப் போன தை மாதம்

அந்தச் சுறாவின் வயிற்றில் என்ன இருந்தது? இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் உள்ளங்கைதான். ரைஸ் மில்லில் மெஷின் பார்த்தவர் என்பதால் எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு கிரீஸ் வாசனை அந்தக் கையில் இருக்கும். அன்று திண்டிவனம் மீன் மார்க்கெட்டில், ஒரு அருவாமணைக்கு முன்னால், அந்தக் கை என் இரண்டு கண்களையும் சேர்த்து மூடியிருந்தது. கிரீஸ் வாசனைக்கு அடியில் மீன் கவிச்சி, அதற்கும் அடியில் ஈரச் சாக்கின் புளித்த நெடி. விரல் இடுக்கில் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. ஈரமான ஏதோ ஒன்று கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு மீன்காரம்மா, "பாத்துக்கங்க" என்றாள். அப்பா பார்த்தார். நான் பார்க்கவில்லை.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. எனக்குப் பெண் குழந்தை பிறந்து இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. பால் போதவில்லை. இங்கே விழுப்புரத்தில் எங்களைப் பார்க்கும் டாக்டரம்மா, அடிக்கடி மாரில் போடுங்கள், பதற்றப்படாதீர்கள், பால் வரும் என்கிறார். முதலில் சொன்னதைத் தவறாமல் செய்கிறேன். இரண்டாவதாகச் சொன்னது எனக்கு வருவதே இல்லை. குழந்தை குடித்து முடித்ததும் வயிறு நிறைந்ததா என்று பார்க்கிறேன், தூங்கினால் மயக்கமோ என்று பயப்படுகிறேன், அழுதால் பசிதான் என்று முடிவு செய்துவிடுகிறேன். இன்று காலை அம்மா திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி, ஒயர் கூடையில் பால் சுறா வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். முழ நீளத்துக்கு இருக்கும் சின்னச் சுறா அது. பிள்ளை பெற்றவளுக்கு அதை அவித்துப் புட்டாக்கிக் கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். கூடையைப் பார்த்ததுமே எனக்கு அந்தக் கிழிபடும் சத்தம் கேட்டுவிட்டது.

திண்டிவனத்துக்குக் கடல் கிடையாது. மரக்காணம் போக பஸ்ஸில் ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனால் கடல் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா மீன் வாங்குவது கிட்டத்தட்ட ஒரு மெஷினைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். பேச்சே இருக்காது. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார். கண் தூக்கலாக இருக்கிறதா, குழி விழுந்து பால் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கட்டைவிரலால் முதுகை அழுத்திவிட்டு, பள்ளம் எழும்பி வருகிறதா என்று காத்திருப்பார். எழும்பினால் அது நல்ல மீன். சங்கராவோ கானாங்கெளுத்தியோ, எந்த மீனானாலும் சோதனை அதேதான். அந்தப் பள்ளம் எழும்புவதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மற்றபடி அந்த மார்க்கெட் எனக்குப் பயம்தான். தரையெல்லாம் வழுக்கும், யாராவது வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றிவிட்டு நம்மையே திட்டுவார்கள், கூட்டத்தில் அப்பாவின் சட்டை நுனியை விட்டுவிட்டால் தொலைந்துபோவோம் என்று நினைத்துக்கொண்டு அதை இறுக்கிப் பிடித்திருப்பேன்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, மார்கழிப் பாதியில் சுனாமி வந்தது. எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை, பேச்சுத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் அரிசியும் பழைய துணியும் சேர்த்தார்கள். எனக்குச் சின்னதாகிப்போன ஒரு பூப்போட்ட கவுனை அம்மா துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினாள். அந்தக் கவுனைப் போட்டுக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு அம்மா இருப்பாளா இருக்கமாட்டாளா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் தெருக்குழாயில், கடைவாசலில், மாவு மில்லில் எல்லாம் மீனைப் பற்றிய கதை கிளம்பியது. யாரோ வாளை மீனை அறுத்தார்களாம், உள்ளே மோதிரத்தோடு ஒரு விரல் இருந்ததாம். அடுத்த தெருவில் அதே கதையில் வாளை வஞ்சிரமாகி, மோதிரம் வளையலாகியிருக்கும். நேரில் பார்த்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது, பார்த்தவரைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். பெரியவளான பிறகு எனக்கு இது புரிகிறது. அன்று அந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லோரும் பெரியவர்களாக இருந்தார்கள், நான் நம்பினேன்.

ஊரே கடல் மீனை நிறுத்திவிட்டது. மார்க்கெட்டில் வழக்கமாக ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஏரி மீன்காரர்களுக்கு அந்த மாதம் வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. விராலும் கெண்டையும் வைத்திருந்த ஒருவர், "ஏரி மீனு, ஏரி மீனு, கடலையே கண்ணால பாக்காத மீனு" என்று கூவுவார். கடலோரத்திலிருந்து வரும் பெண்கள் எதிர்ப்பக்கம் அன்னக்கூடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூவுகிறவரும் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கூவமாட்டார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் கூவுவார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் என் தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமில்லாததால், அவளுடைய அக்கா, என் பெரியம்மா, முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கினாள். தம்பி எலும்பும் தோலுமாக இருந்தான். பூனைக்குட்டி கத்துவது போல ஒரு குரல். அம்மா அவனை மாரில் போட்டபடியே உட்கார்ந்திருப்பாள், அவன் வாயை எடுத்துவிட்டுக் கத்துவான். புட்டிப்பால் வாங்கி வந்து கலந்து கொடுத்தார்கள், குடித்ததை அப்படியே கக்கினான். அழுவதற்கும் தெம்பில்லாமல் அவன் வாயை மட்டும் திறந்து மூடிய ஒரு மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சத்தமே வரவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "வெளிய போய் வெளாடு" என்றாள். நான் போகவில்லை.

அன்று பெரியம்மா அப்பாவிடம் சொன்னாள்: "பால் சுறா வாங்கியாந்து குடுங்க. வேற எதுவும் வேணாம். பூண்டு தூக்கலாப் போட்டு நான் கிளறித் தர்றேன்."

அப்பா, "இப்பவா?" என்றார்.

"இப்பத்தான் புள்ள பொறந்திருக்குது. சித்திரைல பொறந்திருந்தா சித்திரைல வாங்கியாரச் சொல்லுவேன்."

"ஊரே மீனு தின்னாம கெடக்குது. அதுலயும் சுறா."

"ஊர்ல எவளுக்குப் பாலு வரல? ஒங்க பொண்டாட்டிக்குத்தான் வரல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நான் குறுக்கே நெடுக்கே நடப்பதாகப் பெரியம்மா சொன்னதால் அப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். பெரியம்மா துணிப்பைக்குள் ஒரு அடுப்புக்கரித் துண்டைப் போட்டு, "மீனு வாங்குனதும் இத மேல வச்சிக்கினு வாங்க, பச்ச ஒடம்புக்காரி இருக்கற வீடு" என்றாள். கவிச்சியை மோப்பம் பிடித்துக்கொண்டு காத்துக்கருப்பு எதுவும் கூட வந்துவிடக் கூடாது என்பதற்கு. எப்போதும் செய்வதுதான். ஆனால் அந்த மாதம் கடற்கரையிலிருந்து கிளம்பி வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்கு ஒரு கரித்துண்டு போதுமா என்று சைக்கிளில் போகும்போது முழுக்க அதே யோசனை.

மார்க்கெட்டில் கூட்டமெல்லாம் ஏரி மீன் பக்கம். கடல் மீன் பக்கம் ஈக்கள்கூடக் குறைவாக இருந்தது போல நினைவு. அது சரியான நினைவா என்று சொல்ல முடியவில்லை. அப்பா இரண்டு முறை அந்தப் பக்கம் போய்விட்டு நிற்காமல் திரும்பினார். மூன்றாவது முறை ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டாள். தலையில் துண்டைச் சும்மாடு போலச் சுற்றியிருந்தாள், அவள் முன்னால் கூடையில் நெத்திலியைத் தவிர வேறெதுவும் இல்லை.

"இன்னாண்ணா, சுத்திச் சுத்தி வர்றீங்க? கோயிலா இது?"

அப்பா, "சுறா இருக்குதாம்மா?" என்றார்.

"யாருக்கு?"

"வீட்ல புள்ள பொறந்திருக்குது. பாலு இல்ல."

அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த சாக்குக்குப் பின்னால், ஐஸ் போட்டு மூடியிருந்த இன்னொரு கூடைக்குள் கைவிட்டு ஒரு சுறாவை எடுத்தாள். சாம்பல் நிறம். வெள்ளை வயிறு. வாய் கீழ்ப்பக்கமாக, ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போலத் திறந்திருந்தது. உள்ளே பல் வரிசை தெரிந்தது. நான் அப்பாவின் பின்னால் போய்விட்டேன்.

"கேரளா மீனு. லாரில ஐஸ் போட்டு வந்தது. நம்ம கடலே கெடையாது, நம்பி எடுத்துக்கினு போங்க."

அப்பா கட்டைவிரலால் அதன் முதுகை அழுத்தினார். பள்ளம் உடனே எழும்பியது. எனக்கு எப்போதும் பிடித்த அந்தக் காட்சியைப் பார்த்து அப்பாவின் முகம் இருண்டதை அன்றுதான் பார்த்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை. பிறகு யோசித்து யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். கேரளாவிலிருந்து லாரியில் வந்த மீன் அவ்வளவு விறைப்பாக இருக்காது. மீன் புதிது என்றால் அது நம் கடலில் பிடித்தது. தூரத்துக் கடலின் மீன் என்றால் அது பழையது, கெட்டது. அந்த மாதம் முழுவதும் எங்கள் ஊரில் நல்ல மீனுக்கான அடையாளங்கள் எல்லாம் பயப்பட வேண்டிய அடையாளங்களாக மாறியிருந்தன. செவுள் எவ்வளவு சிவப்போ அவ்வளவு பயம்.

"கேரளா மீனு இவ்ளோ வெறப்பா இருக்குமா?" என்றார் அப்பா.

"அப்ப நாலு நாள் மீனுன்னு சொல்லட்டா? சொன்னா வாங்குவீங்களா?"

விரால் வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போன ஒரு பெண் நின்று, "அய்ய, சுறாவா வாங்கறீங்க? அது இன்னா தின்னுச்சோ, ஏது தின்னுச்சோ" என்றாள்.

"ஒங்க வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுப் போச்சு," என்றாள் மீன்காரம்மா. "போம்மா அந்தாண்ட. ஏரில மட்டும் பன்னீரா ஓடுது?"

அந்தப் பெண் போனதும் அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "எங்காளுங்க புடிச்சதுதாண்ணா. இப்பத்தான் கட்டுமரம் உள்ள போவுது. போவாம இன்னா பண்ணச் சொல்றீங்க? காலைல எம் புள்ளைங்களுக்கு இதத்தான் கொழம்பு வச்சிட்டு பஸ் ஏறுனேன்." சற்று முன் கேரளா என்று சொன்னவளும் இவள்தான். எதை நம்புவது என்று அப்பா யோசித்திருக்க வேண்டும். பிறகு கேட்டார்:

"வயித்த அறுத்துக் காட்டுறியாம்மா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மீன்காரம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கோபப்படவில்லை.

"அறுத்தா எடுத்துக்கினுதான் போவணும். நீங்க வயித்தப் பாத்துட்டு வேணாம்னு போனா, உள்ள இன்னா இருந்துச்சுன்னு இந்த மார்க்கெட்டே எங்கிட்ட வந்து கேக்கும். அதுக்கப்புறம் நான் இந்த ஊருக்கே வர முடியாது."

"எடுத்துக்கறேன்."

"இன்னா இருந்தாலும்?"

அப்பா ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னா இருந்தாலும்," என்றார்.

அப்போதுதான் அவர் என்னை முன்னால் இழுத்து என் கண்ணை மூடியது. அந்தச் சத்தம். "பாத்துக்கங்க" என்ற குரல். அதற்குப் பிறகு ஏரி மீன் பக்கத்துக் கூவல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது, பிறகு படவில்லை, பிறகு மறுபடியும் பட்டது. "கழுவிக் குடு," என்றார்.

கையை எடுத்தபோது சுறாவின் வயிறு காலியாக விரிந்து கிடந்தது, குடல் போட்ட வாளி அவளுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. மீனைக் கழுவிப் பையில் போட்டவள், கேட்காமலே கை நிறைய நெத்திலி அள்ளித் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள். "புள்ளக்காரிக்கு இல்ல. இந்தப் பாப்பாவுக்கு," என்றாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று காட்டிவிட்ட சந்தோஷத்தில் கொடுத்தாளா, இல்லை வேறு எதற்காகவாவது கொடுத்தாளா? அப்பா வாங்கியதை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. என்ன இருந்தாலும் வாங்குகிறேன் என்று அவர்தான் முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாரே. அந்தக் காட்சியை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கிறது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரில் தொங்கிய பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் முள்ளுப்புதர். எறியப் போகிறார் என்று நினைத்தேன். எறிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடனே, எறிந்துவிட்டால் தம்பி என்ன குடிப்பான் என்று தோன்றி, எறியக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். ரயில் போனது. கேட் திறந்தது. அப்பா பையை மறுபடியும் மாட்டினார். "வயித்த அறுத்துப் பாத்தத அம்மாகிட்ட சொல்லாத," என்றார்.

ஒன்றும் இல்லையென்றால் எதற்காகச் சொல்லக் கூடாது? அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

பெரியம்மா வெந்நீர் ஊற்றிச் சுறாவின் சொரசொரப்பான தோலைச் சுரண்டி, மஞ்சள் போட்டு அவித்து, முள்ளை எடுத்து உதிர்த்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டுமாகப் போட்டுக் கிளறினாள். வீடு முழுக்கப் பூண்டு மணம். அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

"எங்கேந்து வந்ததுக்கா மீனு?"

"மார்க்கெட்டுலேந்து. கேக்காம முழுங்கு. புள்ளக்காரி கேள்வி கேட்டா பாலு சுண்டிடும்."

அம்மா சாப்பிட்டாள். நான் கதவோரத்தில் நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்தேன். என் கணக்கு மிக எளிமையானது. கடலில் செத்தவர்களைச் சுறா தின்றது, சுறாவை அம்மா தின்கிறாள், அம்மாவின் பாலைத் தம்பி குடிக்கப் போகிறான். அப்படியானால் தம்பிக்குள் யார் யாரெல்லாம் இருப்பார்கள்? அந்தப் பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்ட பெண்ணின் அம்மாவும் இருப்பாளா? இதை யாரிடமும் கேட்க முடியாது. நெத்திலியைப் பெரியம்மா வறுத்து வைத்தாள், எனக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரத்துக்குள் பால் வந்தது. சுறாவால் வந்ததா, தானாக வந்ததா, அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்ததால் வந்ததா, யாருக்குத் தெரியும்? தம்பி குடித்தான், கக்கவில்லை, கன்னத்தில் சதை வைத்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தூக்கத்தில் சிரித்தால் யாரோ சிரிப்பது போல இருக்கும். அவனுக்கு முதல் பல் முளைத்தபோது, எல்லோரும் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், என்னை எவ்வளவு கூப்பிட்டும் நான் கிட்டே போகவில்லை.

இப்போது அவன் கல்லூரி படிக்கிறான். இந்தக் கதையை ஒருமுறை அவனிடம் சொன்னேன். "அதான் எனக்கு நீச்சல் நல்லா வருதா?" என்று கேட்டுவிட்டு, கல்யாண வீடுகளில் இதை நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. பட்டப்படிப்பில் விலங்கியல் எடுத்தேன். அந்தச் சின்னச் சுறா சின்ன மீனையும் கணவாயையும் இறாலையும் தவிர வேறெதையும் தேடிப்போவதில்லை என்று புத்தகத்தில் படித்தேன். படித்த அன்று நிம்மதியாக இருந்தது. மறுநாள், தேடிப்போகாது சரி, எதிரே கிடைத்தால்? என்று தோன்றியது. என் படிப்பு எனக்குக் கொடுத்ததெல்லாம் பயப்படுவதற்குச் சரியான பெயர்கள்தான். இப்போது மீனில் பாதரசம் இருக்குமே, கெடாமலிருக்க மருந்து அடித்திருப்பார்களே, பெரிய மீனில்தானே அதிகம், சுறாவும் அதில் சேர்த்தியாயிற்றே என்று அடுக்கிக்கொண்டே போகத் தெரியும். கல்யாணமாகி வந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன். நானே வாங்கி, நானே அரிந்து, நானே குழம்பு வைப்பேன். என் தட்டில் மட்டும் குழம்பை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அப்பா போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நினைத்த போதெல்லாம் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், அல்லது இருப்பதாக நான் நினைத்துக்கொள்வேன்.

இன்று மத்தியானம் அம்மா என் சமையலறையில் சுறாவின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை கொஞ்சமாகக் குடித்துவிட்டு, போதாமல் அழுது, களைத்துத் தூங்கியிருந்தாள். நான் வாசற்படியில் நின்றபடி, இத்தனை வருடமும் அப்பாவின் பேச்சை மீறாதவள், அவர் இல்லாத தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"அம்மா, தம்பி பொறந்தப்ப அப்பா மார்க்கெட்ல சுறாவோட வயித்த அறுத்துப் பாத்தாரு. ஒனக்குத் தெரியுமா?"

அம்மா திரும்பவில்லை. "தெரியும்," என்றாள்.

"அப்பா சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு? வந்ததும் கொல்லப்பக்கம் நின்னுக்கினு கையக் கழுவறாரு, கழுவறாரு, கழுவிக்கினே இருக்காரு. மீனக் கழுவுனது எங்கக்கா. அவருக்கு எதுக்கு அவ்ளோ கழுவலு? படுத்த எடத்துலேந்து பாத்துக்கினுதான இருந்தேன்."

"அப்ப ஏம்மா அவரக் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவாரே. ஒங்கப்பாவுக்குப் பொய் வராது. ஒண்ணும் இல்லன்னு சொன்னா சரி. இருந்துச்சுன்னு சொல்லிட்டாருன்னா? அப்புறம் எப்படித் தின்றது?"

"இத்தன வருசத்துல ஒரு நாள்கூடவா கேக்கல?"

"எதுக்கு? ஒந்தம்பிதான் வளந்துட்டானே."

எதுவும் தெரியாமல் சாப்பிடுகிறாள் என்று நினைத்து ஒரு சின்னப் பெண் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, அவளுக்காக நான் இத்தனை காலம் வருத்தப்பட்டிருக்கிறேன். தட்டுக்கு முன்னால் இருந்தவளைப் பற்றி நினைக்கவே இல்லை.

"பயமா இல்லியாம்மா ஒனக்கு?"

"நல்லாக் கேட்ட போ. மொத வாயி தொண்டையிலயே நின்னுக்கிச்சு. உள்ள போவல, வெளியவும் வரல. அந்தாண்ட ஒந்தம்பி வாயத் தொறந்து தொறந்து மூடறான். தண்ணியக் குடிச்சி உள்ள தள்ளுனேன்." பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டே, "ஒனக்கு அந்தப் பேஜாரு எதுவும் கெடையாது. இது காலைல வந்த மீனு, நானே அழுத்திப் பாத்து வாங்குனேன். போய்ப் புள்ளயப் பாரு," என்றாள்.

திண்டிவனத்தில் அந்த அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த இடம் எதுவென்று இப்போது போனால் என்னால் காட்ட முடியாது. சிமெண்ட் மேடைகளும் தெர்மாகோல் பெட்டிகளுமாக எல்லாம் மாறிக் கிடக்கிறது. இங்கே விழுப்புரத்தில் போனில் சொன்னால் குடல் நீக்கி, துண்டு போட்டு, கவரில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மீனின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. அப்பா பார்த்தது அவரோடு போயிற்று. அந்த அம்மா இருக்கிறாளா என்று தெரியாது. இருந்தாலும், ஊர் ஊராக அவள் அறுத்த மீன்களில் அந்த ஒன்று அவள் நினைவில் இருக்க நியாயமில்லை. கேள்வி மட்டும் என்னிடம் மிச்சமிருக்கிறது. அதற்கு இனி பதில் கிடைக்காது என்பது இன்று மத்தியானம் உறுதியாகிவிட்டது. அது எனக்கு வருத்தமா ஆறுதலா என்று கேட்டால் அதையும் சொல்லத் தெரியவில்லை.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது புட்டு தட்டில் போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். நன்றாக வெந்திருந்தால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதைத்தான் நம்ப வேண்டும் என்றில்லை, குழந்தையை மாரில் போடுவதை விடாதீர்கள் என்றார். சாப்பிடு என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அதையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தொட்டிலில் துணி அசைகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குழந்தை எழுந்துவிடுவாள்.

இதைப் படிப்பவர்களில், அந்தத் தை மாதத்தில் மரக்காணத்திலோ கோட்டக்குப்பத்திலோ எங்கள் திண்டிவனத்திலோ பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவர்கள் யாராவது இருக்கக்கூடும். உங்கள் முன்னாலும் இப்படி ஒரு தட்டு வைக்கப்பட்டிருக்கும். மீன் நல்லதா கெட்டதா என்று உங்களிடம் நான் கேட்கவில்லை, அதற்கு நாளுக்கொரு பதில் என்னிடமே இருக்கிறது. பயம் போகட்டும் என்று காத்திருந்து சாப்பிட்டீர்களா, பயத்தோடேயே சாப்பிட்டீர்களா? அந்த முதல் வாயை எப்படி விழுங்கினீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.